சீல் குத்திய மனு

காஞ்சிபுரம் தாலுகா ஆபீசில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, தாமல் பக்கத்துச் சேரியிலிருந்து ஒரு உபதேசியார் வருவார். ஒடிசலான உடம்பு, காலர் நைந்த வெள்ளைச் சட்டை, கக்கத்தில் வேதப் புத்தகம். கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். அப்படிச் செய்யும்படி அவரிடம் யாரும் சொன்னதில்லை. வேண்டாம் என்றும் நாங்கள் சொன்னதில்லை.

அவருடைய சபையில் ஒரு பெண் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தாள். மேலே படிக்க உதவித்தொகை கிடைக்க வேண்டுமானால், ஆதிதிராவிடர் என்று சான்றிதழ் வேண்டும். அதற்காக நான்கு முறை வந்தார். கடைசியில் அவர் கொண்டுவந்த மனுவின் மேல் நானே எழுதினேன்: 'மனுதாரர் கிறிஸ்தவர். எனவே ஆதிதிராவிடராகக் கருத இயலாது.'

வாங்கி, நிதானமாகப் படித்தார்.

"இதுல ஒரு சீல் குத்திக் குடுங்க சார்."

"தள்ளுபடியான மனுவுக்கு எதுக்குங்க சீல்?"

"எங்க ஊரு டீக்கடையில எங்களுக்குன்னு தனி கிளாஸ் வெச்சிக்கினு இருக்கறாங்க சார். இத்த எடுத்தும்போயி காட்டறேன். நாங்க அந்த சாதி இல்லன்னு கவர்மெண்டே சொல்லிடுச்சே. சீல் இருந்தா நம்புவாங்க இல்ல?"

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிப்பே இல்லை. சீலைக் குத்திக் கொடுத்தேன். என்னால் முடிந்தது அது ஒன்றுதான்.

தாளை வேதப் புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, "ஸ்தோத்திரம் சார்" என்று கும்பிட்டார்.

ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாள் கையில் இருந்தும், வேப்பமரம் வரைக்கும் வெயிலில் வெறுங்காலோடுதான் நடந்து போனார்.