கண்ணாடியில் தெரிந்த ஸ்கோர்

நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்து எழுந்த கையோடு, டிவி மெக்கானிக் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இனி மேட்ச் பார்ப்பதில்லை. டாக்டர் உப்பு, எண்ணெய், மாடிப்படி என்று ஆயிரம் சொன்னார். ஆனால் எதிரி யாரென்று மனைவிக்குத் தெரியும். ஜெயிக்க எட்டு ரன் இருக்கையில் நம் ஆட்கள் நாலு விக்கெட்டைத் தாரை வார்த்த அன்றைக்குத்தானே வலி வந்தது!

ஆறு வாரம் வாக்கைக் காப்பாற்றினார். நம் ஆட்களும் ஒன்றுவிடாமல் தோற்று அவருக்கு ஒத்தாசை செய்தார்கள். "வெட்கங்கெட்ட பசங்க" என்று திட்டிக்கொண்டே காலையில் பேப்பரின் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பார்.

ஆனால் தொழில் சும்மா விடுமா? டிவிக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு முன்பக்கத்துப் படம் தெரிய வேண்டும். அதற்காக எதிர்ச் சுவரில் முப்பது வருடமாக ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறார். ரிப்பேர் முடிந்த செட்டை இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். அன்றைக்கு ஒரு செட் முடிந்த நேரமும் மேட்ச் நேரமும் எப்படியோ ஒன்றாக அமைந்துவிட்டன. சத்தத்தை அடைத்துவிட்டு உட்கார்ந்தார். டிவியைப் பார்க்கவில்லை, கண்ணாடியைத்தானே பார்க்கிறோம் என்று மனசுக்கு ஒரு சமாதானம். கண்ணாடியில் இடதுகைக்காரன் வலதுகைக்காரனாகத் தெரிந்தான். எந்தக் கையால் ஆடினாலும் அவுட்தான், அதில் என்ன வந்தது!

நடுவில் ஒருவர் ரிமோட் கேட்டு வந்து கழுத்தறுத்தார். அவரை அனுப்பிவிட்டு ஓடி வந்து கண்ணாடியில் பார்த்தால், இன்னும் பதிமூன்று ரன், இருபத்தொரு பந்து.

"ஜெயிச்சுட்டோம்! இந்தத் தடவை விடமாட்டாங்க!" வாய்விட்டே கத்திவிட்டார்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. மனைவி ஈரக்கையோடு வந்தாள். கண்ணாடிப் பக்கம் திரும்பவே இல்லை, சுற்றிப்போய் டிவிக்கு நேரே நின்றாள்.

"முப்பத்தொண்ணு வேணும். பன்னெண்டு பந்துதான் இருக்கு."

அவருக்குச் சுருக்கென்றது. கண்ணாடியில் எண்கள் இடம்வலமாக மாறித் தெரியும், 13 என்றால் 31 என்று திருப்பிப் படிக்க வேண்டும். முப்பது வருடத்தில் முதல்முறையாக அதை மறந்திருந்தார். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. வாக்கும் போச்சு, மேட்சும் போச்சு. அவமானமாக இருந்தது.

"செட்டு ஓடுதான்னு பாத்தேன்..."

"செட்டு நல்லாத்தான் ஓடுது. அவங்கதான் ஓடல."

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டார். திட்டக்கூட அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, டிவியை மெல்ல அவர் பக்கம் திருப்பி வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தாள். நர்ஸ் சொல்லிக்கொடுத்த மாதிரி அவர் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தாள்.

"நீங்க விடப்போறதில்ல. பாக்கறத நேராவே பாருங்க. இல்லாத ஜெயிப்ப நம்பித்தான் உங்க நெஞ்சு கெட்டுப்போச்சு."

அடுத்த பந்திலேயே ஸ்டம்ப் பறந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுக்க எண்ணினாள்.

"எழுபத்திரண்டு" என்றாள். "தோக்கறது உங்களுக்குப் பழகிடுச்சுங்க. ஒண்ணும் ஆகல."

விரலை எடுக்கவில்லை. மீதிப் பந்துகளை இருவரும் பார்த்து முடித்தார்கள்.