டப்பா பர்மனென்ட்

ராயப்பன் அண்ணன் சிரித்து நான் பார்த்ததில்லை. நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற மண்ணை வாரிப் போடுவது அவர் வேலை. பல வருஷமாகக் கான்ட்ராக்ட். கம்மாபுரத்தில் எங்களுக்கு அடுத்த தெரு. மனைவி இறந்த பிறகு பேச்சும் குறைந்துபோனது. செல்போனில் எழுத உட்கார்ந்தால் மட்டும் ஆள் வேறு.

புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு ஜோடி டவுன்ஷிப்பில் வழி கேட்டபோதுதான் ஜியோகேச் விளையாட்டு அவருக்குத் தெரிந்தது. ஒருவர் டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, இடத்தையும் ஒரு குறிப்பையும் இணையத்தில் போடுவார். தேடி வருகிறவர்கள் டப்பாவில் இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டுத் திரும்ப வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

அண்ணன் ஒரு டிபன் டப்பாவைப் பூங்கா ஓரத்துத் தூங்குமூஞ்சி மரப் பொந்தில் வைத்தார். குறிப்பு இது:

“மேலே ஏறாதீர்கள். அங்கே காக்காய்க்குக் குவார்ட்டர்ஸ் அலாட் ஆகிவிட்டது. நமக்குத்தான் இன்னும் ஆகவில்லை. எறும்புக்குப் பயப்படாதீர்கள், அது செகண்ட் ஷிப்ட், மதியத்துக்கு மேல்தான் கடிக்கும். டப்பா பர்மனென்ட். வைத்தவன் கான்ட்ராக்ட்.”

அதன் கீழே அதையே இங்கிலீஷில் போட்டது நான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. காக்காய்க்கு அலாட்மென்ட் ஆனதை இங்கிலீஷில் சொல்வது லேசில்லை. சென்னையிலிருந்து வந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்ததாக எழுதியிருந்தார்கள். அண்ணன் படித்துவிட்டுப் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

போன வாரம் மரம் கழிக்க வந்தவர்கள் கறுப்பு டேப் சுற்றிய டப்பாவைப் பார்த்துவிட்டு, குண்டோ என்று பயந்து செக்யூரிட்டிக்குச் சொல்லிவிட்டார்கள். உள்ளே அண்ணன் பெயரும் நம்பரும். கேட் பாஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்.

“பாஸ் இல்லன்னா வேற ஆளப் போட்டுருவேன்னு கான்ட்ராக்டர் சொல்லிக்கினு இருக்காரு. நீ டிகிரி படிச்சவன், வந்து எடுத்துச் சொல்லு தம்பி.”

செக்யூரிட்டி ஆபீசில் இசக்கிமுத்து சார் முன்னால் டப்பா திறந்து கிடந்தது. நான் இங்கிலீஷில் விளக்கினேன். கடைசிவரை கேட்டார்.

“தமிழ்லயே சொல்லுப்பா. நான் திருநெல்வேலிதான்.”

தமிழில் சொன்னேன். அண்ணனின் போனை வாங்கிக் குறிப்பைச் சத்தமாகப் படித்தார். காக்காயிடம் வந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. வாசலில் நின்ற கார்டைக் கூப்பிட்டு, “கேட்டியா, காக்காய்க்கு அலாட் ஆயிட்டாம். உனக்கு ஆச்சாய்யா?” என்றார். கடைசி வரியில் சிரிப்பு நின்றது.

“யாரக் கிண்டல் பண்ற?”

“யாரையும் இல்லீங்க. என்னையதாங்க.”

“மேல யாராவது படிச்சா என்னைத்தான் கேப்பாங்க. அந்தக் கடைசி வரிய மட்டும் எடுத்துடு. டப்பா அங்கயே இருக்கட்டும், நான் சொல்லிக்கிறேன். பாஸ வாங்கிக்க.”

அண்ணன் டப்பாவை எடுத்து மூடினார்.

“அது இல்லன்னா மத்தது என்னாத்துக்குங்க. மொத்தமா எடுத்துடறேன்.”

“ஏம்ப்பா, மத்ததெல்லாம் நல்லாத்தான இருக்கு?”

“இருக்கட்டுங்க.” சாரிடமிருந்து போனை வாங்கி என்னிடம் நீட்டினார். “எதுல அழிக்கிறதுன்னு பாரு தம்பி.”

பார்த்து அழுத்தினேன். திரையில் ஒரு கேள்வி வந்தது.

“என்னா கேக்குது?”

“நெசமாவான்னு கேக்குது.”

“ஆமான்னு போடு.”

போட்டேன். இசக்கிமுத்து சார் பாஸை நீட்டினார். அண்ணன் அதை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, செகண்ட் ஷிப்ட் பஸ் போய்விட்டதா என்று கேட்டார்.