மீட்டருக்குக் காற்று

எங்கள் வீட்டைப் பங்கு பிரித்தபோது கிணற்றில் முறை பிரிந்தது, தென்னைகள் பிரிந்தன, அண்டா குண்டாவெல்லாம் பிரிந்தன. பிரிக்க முடியாமல் நின்றது ஒன்றே ஒன்று. கரண்ட் மீட்டர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. மலையிலிருந்து கோயமுத்தூருக்கு மின்சாரம் இறங்கிவந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. எங்கள் கூடத்துச் சுவரில் ஒரு மரப்பலகை, அதன்மேல் ஒரு கறுப்புப் பெட்டி, பெட்டியின் கண்ணாடிக்குள் யாரும் தொடாமலே சுற்றும் ஒரு சக்கரம். ஆயுத பூசையன்று அக்கா அந்தக் கண்ணாடி முழுக்கச் சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைத்துவிட்டாள். கணக்கெடுக்க வந்த மனிதர், சாமி குத்தம் ஆகுமோ என்று துடைக்கப் பயந்து, பார்த்துக்கொண்டே நின்றார்.

அக்கா என்று நான் சொல்வது என் கணவரின் அண்ணன் மனைவியை. வெள்ளகோவில் பக்கத்துப் பெண். எழுத்துத் தெரியாது. நானோ கையில் கிடைத்த காகிதத்தில் எல்லாம் எதையாவது எழுதிக்கொண்டிருப்பவள். மழைக்கு முந்தைய மண்ணை எழுதுவேன், பருத்தி வெடிக்கும் மத்தியானத்தை எழுதுவேன், ஒன்றிலும் நிலைக்காமல் அடுத்ததற்குத் தாவுவேன். பொழுது சாய்ந்து, அடுப்படி வேலை ஓய்ந்து, சாப்பாட்டுக்கு ஆண்கள் வந்து சேர்வதற்குள் கிடைக்கிற கொஞ்ச நேரம்தான் எனக்கு. அந்த நேரத்தில் கூடத்துப் பல்பின் கீழே உட்கார்ந்துவிடுவேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே, "படி கண்ணு, கேக்கலாம்" என்பாள். கேட்டு முடித்து, "இதுல ஒரு சங்கதியும் நடக்கலியே. ஆனா நல்லாருக்குது" என்பாள். இன்றுவரை என் எழுத்தைப் பற்றி அவ்வளவு சரியாக வேறு யாரும் சொன்னதில்லை.

அண்ணன் தம்பி பிரிந்ததும் மின்சாரத்தால்தான். தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் வைக்க வேண்டும் என்றார் என் கணவர். கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்க மாடு இருக்கும்போது மோட்டார் எதற்கு என்றார் அண்ணன். வார்த்தை தடித்தது, பெரியவர்கள் கூடினார்கள், கூடத்தின் நடுவில் சுவர் வைப்பது என்று முடிவானது. மதுக்கரைச் சிமெண்ட்டு மூட்டைகள் வந்திறங்கின. மேஸ்திரி நூல் பிடித்தார். நூல் நேராகப் போய் மீட்டர் பலகையின் நெற்றியில் நின்றது.

மீட்டரை ஒரு முழம் நகர்த்தியாக வேண்டும். எந்தப் பக்கம்?

இருக்கிற ஒரு மீட்டர் ஒரு வீட்டுக்குத்தான், இன்னொரு வீட்டுக்குப் புதிதாக எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார் கரண்ட்டுக்காரர். இரண்டு ஆண்களும் எதிரெதிரே நின்றார்கள்.

"அவியளே வெச்சுக்கட்டும்னு சொல்லிப்போடுங்க மேஸ்திரி. நாங்க அரிக்கேன் வெளக்குல பொழச்சுக்கறோம்" என்றார் என் கணவர்.

"எனக்கொண்ணும் ஆசையில்லீன்னு சொல்லுங்க மேஸ்திரி. கரண்ட்டு கரண்ட்டுன்னு பறந்தது ஆருன்னு ஊருக்கே தெரியும்" என்றார் அண்ணன்.

"ஏனுங்க, கை நீட்டுனா தொடற தூரத்துல நிக்கறீங்க. நான் நூலப் புடிக்கறதுங்களா, சேதி சொல்றதுங்களா?" என்றார் மேஸ்திரி.

என் கணவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மீட்டர் அண்ணன் பக்கம் நகர்ந்தது. மோட்டார் வேண்டும் என்று வீட்டையே பிரித்தவர் பங்குக்கு அரிக்கேன் விளக்கு, வேண்டாம் என்றவர் பங்குக்கு மீட்டர்.

எனக்கு அரிக்கேன் ஆகாது. அதன் புகைக்குக் கண்ணில் நீர் வழியும், இரண்டு வரிக்குள் தலை இடிக்கும். எனக்கென்று இருந்த அந்தக் கொஞ்ச நேரமும் போயிற்று என்று நினைத்தேன். யாரிடம் சொல்வது? சொன்னால், எழுதாவிட்டால் சோறு இறங்காதா என்று கேட்பார்கள். எனக்கு இறங்காது என்பதை எப்படி விளக்குவது?

சுவர் ஆள் உயரம் எழும்பிய அன்று, எங்கள் பக்கத்து ஒயரைக் கழற்றக் கரண்ட்டுக்காரர் மறுபடி வந்திருந்தார். அக்கா ஒரு சொம்பு மோரோடு வந்து மேஸ்திரி முன்னால் நின்றாள்.

"மேஸ்திரி, அந்த மேல்வரிசையில ஒரு ரெண்டு கல்லு வெக்காம ஓட்டை உட்டுருங்க."

"எதுக்குங்க அம்மணி?"

"மீட்டருக்குக் காத்து வேண்டாமுங்களா? இப்பிடி மூலையில போட்டு அடச்சா மூச்சு முட்டிப்போயிராது? சக்கரம் சுத்தறதப் பாருங்க, ஏத்தத்துல ஏறுற மாடாட்ட எளைக்குது!"

மேஸ்திரி கரண்ட்டுக்காரரைப் பார்த்தார். ஏணிமேல் நின்று வாயில் திருகாணியைக் கடித்துக்கொண்டிருந்த கரண்ட்டுக்காரர் அக்காவைப் பார்த்தார். பிறகு சுவரின் இந்தப் பக்கம் காகிதத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். திருகாணியைக் கையில் எடுத்தார்.

"வேணுமுங்க. கட்டாயம் வேணும்."

"அப்பறமென்ன, உடுங்க. சூடாகி ஊட்டக் கொளுத்திப்போட்டா ஆரு பதில் சொல்றது?" என்று உள்ளேயிருந்து அண்ணன் குரல் கொடுத்தார்.

அன்று பொழுது சாய்ந்ததும் அந்த ஓட்டைக்குள் ஒரு பல்பு வந்து உட்கார்ந்தது. அக்கா பக்கம் பாதி, என் பக்கம் பாதி. புதுச் சிமெண்ட்டின் ஈரவாசனையோடு என் தரையில் ஒரு பாய் அகலத்துக்கு வெளிச்சம் விழுந்தது. நான் அதன்மேல் போய் உட்கார்ந்தேன். சுவருக்கு அப்பால் வெங்காயத்தோல் சரசரத்தது.

"ஏதாச்சும் நடந்துச்சா கண்ணு?"

"இல்லீங்க அக்கா."

"செரி, படி."

என் கணவர் வந்தார். வெளிச்சத்தைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார். அரிக்கேனைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். நாளைக்கே ஆளை வரச்சொல்லி அடைத்துவிடுவாரோ என்று பயந்தேன். அடுத்த நாளும் பயந்தேன். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓட்டை வழியாகப் புகுந்து பல்பை ஆட்டும். என் எழுத்துகளும் என் கை நிழலும் சேர்ந்து ஆடும். எந்தக் காற்றில் என் வெளிச்சம் போகும் என்று தெரியாமலே எழுதினேன். என் கணவர் மட்டும் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டியே அந்த வழியாக நடப்பார்.

ஒரு வருஷத்துக்குமேல் ஆயிற்று, எங்களுக்கு மீட்டர் வர. எங்கள் பங்கில் சமையலறையை இடித்துக் கட்டும் வேலையும் அப்போதுதான் நடந்தது. அதே மேஸ்திரி, அதே கரண்ட்டுக்காரர். புதுப்பெட்டியை மாட்டி, சக்கரம் சுற்றத் தொடங்கியதும், மேஸ்திரி கரண்டியில் கலவையை அள்ளிக்கொண்டு கேட்டார்:

"இனி அந்த ஓட்டைய அடச்சுப்போடலாமுங்களா?"

சுவருக்கு அப்பால் அம்மிச் சத்தம் நின்றது. நான் என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். அவர் காப்பி டம்ளரைச் சாவகாசமாக ஆற்றினார்.

"அடைக்காதீங்க மேஸ்திரி. மீட்டருக்குக் காத்து வேணும்."

கரண்ட்டுக்காரர் வேறு பக்கம் திரும்பி இருமினார்.

"இப்ப மீட்டரு ரெண்டாச்சு, ஓட்டைய வேணா இன்னம் கொஞ்சம் பெருசு பண்ணச் சொல்லுங்க மேஸ்திரி!" என்று அந்தப் பக்கத்திலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"மறுபடியும் எங்கிட்டயே சேதியா!" என்று மேஸ்திரி கலவையைச் சட்டியிலேயே கொட்டினார்.

இருவரும் அதற்குப் பிறகும் வெகுநாள் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் என் கணவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, தெரிந்தே முதுகைக் காட்டி நடந்திருக்கிறார் என்பது போதுமாக இருந்தது எனக்கு. அன்று மாலை அக்கா ஸ்டூலில் ஏறித் தன் பல்பைக் கழற்றிக்கொண்டாள். அந்த இடத்தில் என் பல்பை மாட்டினேன். என் பக்கம் பாதி, அவள் பக்கம் பாதி.

"படி கண்ணு" என்றாள்.