இட்லி ஆவியில் ஒரு மழைக்காடு

ஈர மரத்தை ரம்பம் அறுக்கும்போது எழுகிற வாசனை, கொஞ்சம் புளிப்பும் கொஞ்சம் மிளகுக் காரமுமாக, ராயபுரத்தில் எங்கள் தெரு முழுக்க நாள் பூராவும் நின்றிருக்கும். கருவாட்டு வாசனையும் ரயில் கரிப்புகையும் அதனோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டுத் தோற்றுப்போகும். தெருக்கோடியில் மரவாடி இருந்தது. துறைமுகத்தில் கப்பல் இறக்கிய மரங்களைக் கைவண்டியில் இழுத்து வந்து அங்கே அடுக்குவது என் அப்பாவின் வேலை. அவரை நாங்கள் ‘நைனா’ என்போம். பிள்ளைகளே, நான் எட்டாவதுக்கு மேல் படித்தவனில்லை. ஆனாலும் உலகத்தில் எங்கே எந்த மண், எந்த மழை, எந்தச் செடி என்று எனக்குக் கொஞ்சமாவது தெரியுமென்றால், அதில் பாதி அந்தத் தெரு கொடுத்தது.

ஏனென்றால் உலகமே எங்கள் தெரு வழியாகத்தான் போனது. ஓலைப்பாயில் பொதிந்த பேரீச்சம்பழம் வரும். வருஷக்கணக்கில் மழை காணாத, ஒட்டகம் மட்டும் முகம் சுளிக்காமல் நடக்கிற மணல்நாட்டுச் சரக்கு அது. பாயை உதறினால் நம் கடற்கரை மணலைவிட மாவான மணல் கொட்டும். ரேஷன் கோதுமை வரும். அது மரமே இல்லாமல் கண்ணுக்கெட்டிய மட்டும் புல்லாகக் கிடந்த சமவெளியில் விளைந்தது. ஆயிரமாயிரம் வருஷம் புல் செத்து மக்கியதால் அங்கே மண் கறுப்பு என்று பூகோள வாத்தியார் சொல்வார். இயந்திர சாமான் வந்த பெட்டிகளின் வெள்ளைப் பலகை பனிநாட்டு ஊசியிலை மரம். இலை ஊசியாக இருந்தால்தான் பனி தங்காமல் வழுக்கி விழுமாம். அதற்கும் வடக்கே போனால் மரமே கிடையாது, பாசி தின்னும் துருவமான்கள்தான். நம் பங்குக்கு எர்ணாவூர் மணல்மேட்டில் பனையும் அடும்புக்கொடியும் வளை நண்டும் இருந்தன. உப்புக்காற்றுக்குப் பயப்படாதவை.

அந்த உப்புக்காற்றுதான் எங்கள் அத்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நைனாவின் அக்கா அவர். சிறு வயதிலேயே கல்யாணமாகி ரங்கூன் போனவர், யுத்தத்தில் குண்டு விழுந்தபோது புருஷனோடு மலையும் காடுமாக நடந்து புறப்பட்டார். அந்தக் காட்டிலேயே மாமா காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அத்தை மட்டும் கால் முழுக்க அட்டை கடித்த தழும்போடு எங்கள் வீடு வந்து சேர்ந்தார். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாதென்று மரவாடி வாசலில் ஓலைக் கொட்டகை போட்டு இட்லிக்கடை வைத்தார். எனக்குச் சோறூட்டியதும் தலை வாரியதும் காதைத் திருகியதும் அவர்தான். அம்மாவுக்கு எனக்குப் பின்னால் பிறந்ததுகளைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது.

யுத்தம் முடிந்து பர்மா மரம் மறுபடி வரத் தொடங்கிய சமயம், ரங்கூனிலிருந்த மாமாவின் தம்பியும் ஆள்மூலம் சொல்லியனுப்பினார்: கடையைத் திறந்துவிட்டேன், அண்ணி பொங்கல் கழித்துக் கப்பலேறி வந்துவிடட்டும். அத்தை போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் ஒரு நாள், பட்டை உரிக்காத பர்மாக் கட்டையொன்றின் பொந்தில் ஒட்டியிருந்ததென்று நைனா ஒரு பச்சைக் கொத்தைத் துண்டில் முடிந்து கொண்டுவந்தார். சாம்பார் வெங்காயம் போலச் சின்னச் சின்னக் கிழங்குகள், ஒவ்வொன்றின் தலையிலும் வதங்கிய ஓரிலை.

“இன்னாக்கா, ஒங்க ஊரு வெங்காயமா இது?”

“யாரு கண்டா? கப்பல்ல வந்து வாடிப் போயி கீது, பாவம். நட்டு வையி.”

வெங்காயம் போலிருந்ததை வெங்காயம் போலத்தானே நடுவோம்? அம்மா புழக்கடையில் குழி தோண்டிக் கழுத்து வரை புதைத்தார். எங்கள் தெருவில் முருங்கையிலிருந்து மல்லி வரை எல்லாவற்றுக்கும் ஒரே உரம், மீன் கழுவின தண்ணீர். அதையும் அன்போடு ஊற்றினார். நானும் என் பங்குக்கு ஊற்றினேன். இலை மஞ்சளாயிற்று. இன்னும் ஊற்றினோம். கிழங்கு ஒவ்வொன்றாகக் குழைந்தது.

அத்தை அதன் எதிரே குந்தி, குழைந்த கிழங்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பாத்தியாடா, இதுக்கே இந்த ஊரு ஒத்துக்கல. எனக்கு மட்டும் எப்பிடிடா ஒத்துக்கும்?”

அந்த வார்த்தை எனக்குச் சுரீரென்றது. அன்று முதல் அந்தச் செடி எனக்குச் செடியாக இல்லை. அது பிழைத்தால் அத்தை இருப்பார், செத்தால் கப்பலேறிவிடுவார் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அது செத்துக்கொண்டேயிருந்தது.

கடைசியில் அத்தையே அதைப் பிடுங்கினார். அழுகாமல் மிஞ்சியது ஒரு பிடி. “இம்மாந் தூரம் வந்ததாச்சே, குப்பையில போட மனசு வரல” என்று தேங்காய் நாரில் சுற்றிக் கடைக் கூரையில், இட்லிப்பானைக்கு மேலாக ஓலையைத் தாங்கும் பனமரச் சட்டமான பனங்கையின் சந்தில் செருகிவிட்டார். பிறகு எல்லோரும் அதை மறந்துவிட்டோம்; நான்கூட, அழுது தீர்ந்தபின்.

ஐப்பசி மழை கொட்டியது. வண்டிக்காரர்கள் கொட்டகைக்குள் ஒண்டினார்கள். அவர்களில் ஒருவர்தான் முதலில் கண்டது.

“இன்னா யக்கா, தலைக்கு மேல வெங்காயம் தொங்குது? சாம்பார்ல போட மறந்துட்டியா?”

“அது வெங்காயம் இல்ல, மாமு. குடித்தனம். ஒன்ன மாதிரி, வாடகை குடுக்காம குந்திகினு கீது!”

எல்லோரும் சிரித்தார்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். புதிதாக ஒரு பச்சைக் கிழங்கு. அதன் அடியிலிருந்து பல்லி வால் போல ஒரு வெள்ளை வேர், நாரைத் தாண்டி, பனங்கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

மார்கழியில் அது பூத்தது. அரிசி நொய்யைக் கோத்தது போல வெள்ளைச் சரம். விடியற்காலை இட்லித்துணியை உரிக்க வந்த அத்தை வாசனை பிடித்து மேலே பார்த்தவர், கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

“தசீன் பூடா இது! ரங்கூன் பஜார்ல வாங்கித் தலையில வச்சுக்குவேன்டா. பூவத்தான் தெரியும், செடிய எங்க பாத்தேன்?”

“காட்டுல நடந்து வந்தியே அத்த, அங்க பாக்கலியா?”

“கீழ அட்டைக்குப் பயந்து, முன்னால போறவங்க காலப் பாத்து நடந்தவடா நான். தலைய நிமிந்து எங்க பாத்தேன்?”

அது மேலேதான் இருந்திருக்கிறது, பிள்ளைகளே. பின்னால் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். மழைக்காட்டில் மழை ஓயாமல் கொட்டி மண்ணின் சத்தையெல்லாம் அரித்துக்கொண்டு போய்விடும். விழுகிற இலை மக்கிய கையோடு மரங்கள் அதை உறிஞ்சிக்கொள்ளும். காடு பசுமை, மண் ஏழை. அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் இலைக்கூரை. கீழே வெயில் எட்டாது. அதனால் இந்த மாதிரிச் செடிகள் தரையே வேண்டாமென்று கிளைமேல் குடியேறி, வேரைக் காற்றில் விட்டு ஈரம் குடிக்கின்றன. மரத்திடம் கேட்பது உட்கார இடம் மட்டும்தான். அத்தை கடையில் அதற்கு எல்லாமே இருந்தது: கூரை மூலையில் ஆறி அடைகிற இட்லி ஆவி, அடுப்பு வெதுவெதுப்பு, ஓலை ஓட்டை வழியே சல்லடை போட்டாற்போல வெயில், பிடித்துக்கொள்ள ஒரு கட்டை. புதைத்தும் ஊற்றியும் நாங்கள் காட்டிய அன்பு ஒன்றுதான் அதற்குத் தேவைப்படவில்லை.

பொங்கல் முடிந்ததும் நைனா தயங்கித் தயங்கிக் கேட்டார்: “இன்னாக்கா, கப்பலுக்குச் சொல்லிடட்டுமா?”

அத்தை மாவைக் கலக்கிக்கொண்டே சொன்னார்: “நான் போய்ட்டா அதுக்கு ஆவி யாரு காட்டுவா, நீயா? போ, போய்ப் பொழப்பப் பாரு.”

அவ்வளவுதான். அதன்பின் அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அத்தை கைச் சோறு தின்றுதான் நான் ஆளானேன். அந்த நன்றியை யாருக்குச் சொல்வதென்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

இன்று அந்த மரவாடி இல்லை. அங்கே கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. எந்தப் பெட்டிக்குள் எந்த நாடு இருக்கிறதென்று முகர்ந்து சொல்ல வழியில்லை, எல்லாம் ஒரே இரும்பு வாசனை. அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டார். கொட்டகையைப் பிரித்த அன்று செடியை எடுக்கப் போனேன். வேர்கள் பனங்கையை இறுகப் பற்றியிருந்தன, பிய்த்தால் இரண்டும் போகும். பனங்கையோடு சேர்த்து அறுத்து எடுத்துவந்து எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு மேலே கட்டினேன். இப்போது அதற்கு குக்கர் ஆவி. மார்கழி பிறந்ததும், விசில் அடங்கியபின், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒருமுறை தலையை நிமிர்த்தி மேலே பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார்கள்.