போஸ்டருக்குக் காவல்

குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவு என்றதும் நாலைந்து அறை, நாற்பது போலீஸ் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டேஷன் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, ஒரு போன், ஒரு ஏட்டம்மா. அவ்வளவுதான். சுவரில் சிரிக்கும் குழந்தை படம் மட்டும் ஆளுயரத்துக்கு இருந்தது. அதற்கு நிதி ஒதுக்கியிருந்தார்கள்.

அன்று போனில் ஒரு பெண் பேசினாள். தன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பை தைக்கும் பட்டறையில் ஒரு சின்னப் பெண்ணைப் பூட்டிவைத்து வேலை வாங்குகிறார்கள், விரலில் ஊசி ஏறி அழுதுகொண்டே இருக்கிறது என்றாள். ஏட்டம்மா இன்ஸ்பெக்டரிடம் ஓடினார்.

"சார், வண்டி வேணும். கூட ரெண்டு பேராவது வேணும்."

"நேரங்காலம் தெரியாம வர்றீங்களேம்மா! தலைவர் போஸ்டரை எவனோ கிழிக்கிறான். மேலேர்ந்து போன் மேல போன். எல்லா வண்டியும் அதுக்குத்தான் சுத்துது. பிள்ளை எங்க ஓடிடப் போகுது? பூட்டித்தானே வச்சிருக்காங்க!"

என்ன அறிவு, என்ன அறிவு! ஏட்டம்மா வெளியே வந்தார். போன தடவை இப்படித்தான் தனியாகப் போய் ஒரு கதவைத் தட்டினார். முதலாளி சிரித்துக்கொண்டே நாளைக்கு வரச் சொன்னான். மறுநாள் அங்கே பிள்ளையும் இல்லை, பாயும் இல்லை.

நேரே பட்டறைத் தெருவுக்குப் போனார். எதிர்ச்சுவரில் தலைவர் புன்னகை செய்துகொண்டிருந்தார். கன்னத்தோடு சேர்த்து ஒரே இழுப்பு. பிறகு போனை எடுத்தார்.

"சார், போஸ்டரைக் கிழிச்ச ஆளு பை பட்டறைக்குள்ள இருக்கான்!"

அடேயப்பா! மூச்சு விடுவதற்குள் மூன்று வண்டி. பூட்டு உடைந்தது. "எவன்டா கிழிச்சது?" என்று கத்திக்கொண்டு நுழைந்தார்கள். மிஷின்களுக்கு நடுவே, விரலில் துணி சுற்றிய ஒரு பிள்ளை நின்றது.

"நான் எதையும் கிழிக்கல அக்கா. எல்லாம் ஒழுங்காத்தான் தச்சேன்."

ஏட்டம்மா அதை அள்ளிக்கொண்டு அங்கேயே அழுதுவிட்டார்.

மறுநாள் பேப்பரில் பிள்ளையை மீட்ட இன்ஸ்பெக்டர் படம் வந்தது. பட்டறைத் தெருவின் பழைய கேமரா கெட்டுக் கிடந்து வருஷமாகிறது. போஸ்டருக்காக மாட்டியது புத்தம் புதுசு. ஏட்டம்மாவின் கை அதில் பளிச்சென்று விழுந்திருந்தது.

தண்டனையாக அதே சுவருக்குக் காவல் போட்டார்கள்.

"என் மேஜையில போன் அடிச்சா யார் சார் எடுப்பாங்க?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல போஸ்டரைப் பாருங்கம்மா."

மாடிப்படிக்குக் கீழே போன் அடித்துக்கொண்டிருந்தது.