கறுக்காத கோடுகள்

மருத்துவமனையின் அடித்தளத்தில், அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் அறையில் அவளுக்குப் பத்தொன்பது வருட வேலை. நீராவி வெப்பத்தால் கிருமியைக் கொல்லும் ஆளுயர ஆட்டோகிளேவ் இயந்திரத்தின் கதவை இறுக்கி மூடும்போதெல்லாம் உதட்டுக்குள் ஒரு வரி ஜெபம் சொல்வாள். அதனால் கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் "ஆமென் அக்கா". கேலிதான், ஆனால் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் கேலி செய்தவர்களே, "அக்கா, நம்ம வீட்டுக்கும் ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க" என்று வந்து நிற்பார்கள். தேவாலயத்தில் அவள் பாடினால் பக்கத்தில் இருப்பவருக்கு ராகம் தப்பும். அதற்காக அவள் வாயை மூடிக்கொண்டதும் கிடையாது.

ஒரு திங்கட்கிழமை காலை, இயந்திரத்திலிருந்து சூடாக எடுத்த கருவிப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். மேலே ஒட்டியிருக்கும் நாடாவின் கோடுகள் வெப்பம் சரியாக ஏறினால் நன்றாகக் கறுக்கும். அன்று தேயிலைச் சாயம்போல வெளிறிக் கிடந்தன.

மாடியில் நோயாளியை மேசையில் படுக்க வைத்தாயிற்று. தொலைபேசி விடாமல் அடித்தது. மேற்பார்வையாளர் படியிறங்கி ஓடிவந்தார்.

"லேசா நிறம் மாறியிருக்கேம்மா, போதும். அனுப்பிவிடுங்க."

"கறுத்திருந்தா நானே தூக்கிட்டு ஓடியிருப்பேன் சார். இது கறுக்கல."

"டாக்டர் என்னைத்தான் திட்டுவாரு."

"என் பேரைச் சொல்லிடுங்க சார்."

அவள் பொட்டலத்தைப் பிரித்து மறுபடி கழுவும் தொட்டியில் போட்டாள். அடுத்த கட்டடத்திலிருந்து வேறு கருவிகள் வந்து சேர்வதற்குள் இரண்டு மணி நேரம் போயிற்று. எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்ட மேற்பார்வையாளர், மறுநாளே அவளைச் சலவைப் பகுதிக்கு மாற்றினார்.

ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போயிற்று. பேருந்து ஓட்டும் கணவன் தைலம் தேய்த்துவிட்டபடி, "உன் ஆண்டவர் உனக்கு நல்ல பதவி உயர்வுதான் குடுத்திருக்காரு" என்றான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அந்த வாரம் ஜெபத்தில் அவள் போட்டதெல்லாம் சண்டைதான். "உமக்குப் பயந்துதானே அப்படிச் செஞ்சேன்? இப்ப என் இடுப்பை யார் பார்க்குறது?" ஆனாலும் ஜெபிக்காமல் ஒருநாளும் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை.

மூன்று வாரம் கழித்து விசாரணைக்கு அழைத்தார்கள். பொறியாளர் இயந்திரத்தைச் சோதித்ததில் கதவு ரப்பர் கிழிந்திருந்தது தெரியவந்திருந்தது. மேற்பார்வையாளர் கைக்குட்டையைக் கசக்கியபடி ஓரமாக உட்கார்ந்திருந்தார். இயந்திரம் அவர் பொறுப்பு. பழி முழுக்க அவர் தலையில் விழப்போகிறது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"இதுக்கு முன்னாடி ஏதாவது கோளாறு தெரிஞ்சுதா?" என்று விசாரணை அதிகாரி அவளைக் கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. தன்னைச் சலவைக்குத் துரத்தியவருக்கு வேண்டியது கிடைக்கட்டும் என்ற எண்ணம் ஒரு நொடி இனிக்கத்தான் செய்தது. அந்த இனிப்புதான் அவளைச் சுட்டது.

"தெரிஞ்சுது சார். அதுக்கு முந்தின வாரமே கதவோரம் ஆவி சீறுற சத்தம் கேட்டுச்சு. மக பள்ளிக்கூடத்துக்குப் போற அவசரத்துல பதிவேட்டுல 'கசிவு இல்லை'ன்னு எழுதிட்டேன். நான் அப்பவே சொல்லியிருந்தா இவர் சரிபண்ணியிருப்பாரு."

மேற்பார்வையாளர் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. பொட்டலத்தைத் தடுத்து நிறுத்தியதற்காகப் பழைய அறையும் திரும்பக் கிடைத்தது. கணவன் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டது உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்றான். ஆனால் அன்று இரவுச் சமையலை அவனே செய்தான்.

சில நாள் கழித்து மேற்பார்வையாளர் அறை வாசலில் வந்து தயங்கினார்.

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமேம்மா. நான் உங்களுக்குச் செஞ்சதுக்கு..."

"நீங்க செஞ்சது தப்புதான் சார். எனக்கும் கோவம்தான்," என்றாள், கத்தரிகளை வரிசையாகத் தட்டில் அடுக்கிக்கொண்டே. "ஆனா தினமும் காலையில எழுந்ததும் நான் முதல்ல பேசுறது ஆண்டவர்கிட்ட. பொய்யை வச்சுக்கிட்டு எந்த மூஞ்சியோட அவர்கிட்ட பேசுவேன்?"

அவர் கையலம்பிவிட்டு, மேலங்கி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, புது ரப்பர் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று கதவைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்க்கத் தொடங்கினார்.

"கீழ் ஓரத்தையும் பாருங்க சார்," என்றாள் அவள்.