தட்டைக் காலி செய்தவன்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வேலைக்கு வந்து இன்று மூன்றாம் நாள். எதிரே உள்ள தேநீர்க்கடையில் பிளேன்டீ கேட்கிறேன். கடைக்காரர் கூடவே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், பற்றிஸ், வடை கொண்டுவந்து வைக்கிறார். நான் கேட்கவில்லை. ஆனால் வைத்ததை மிச்சம் வைப்பது மரியாதை இல்லை என்று மதுரையில் வளர்ந்த என் வயிறு நினைக்கிறது. எல்லாவற்றையும் முடிக்கிறேன். அவர் தட்டை மறுபடி நிரப்புகிறார். மரியாதை இப்போது தொண்டைவரை வந்து நிற்கிறது.

இரண்டாம் தட்டும் பாதி தீர்ந்தபிறகு அவர் பக்கத்தில் வருகிறார்.

"தம்பி, எல்லாம் முடிக்கத் தேவையில்லை. எடுக்கிறதுக்குத்தான் காசு. மிச்சம் மற்ற மேசைக்குப் போகும்."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணே."

"நல்ல பசியாக்கும் எண்டு நினைச்சனான்."

பெல்ட்டைத் தளர்த்துகிறேன். என்னோடு ஒரே விமானத்தில் வந்த கோயம்புத்தூர் என்ஜினீயர் உள்ளே நுழைந்து அடுத்த மேசையில் உட்காருகிறார். அவருக்கும் தட்டு வருகிறது. மூன்றாவது வடையைக் கடித்துக்கொண்டே, "நல்ல மனுஷங்க, இல்லைங்களா?" என்கிறார்.

"ரொம்ப. மிச்சம் வச்சாத்தான் வருத்தப்படுவாங்க" என்கிறேன்.

கடைக்காரர் என்னை ஒருமுறை பார்க்கிறார். பிறகு அடுத்த தட்டை நிரப்பப் போகிறார்.